இப்னு சீனாவைப் படமாக்கினால்: புகாராவா, பாலைவனமா, ஹமதானா?

மருத்துவரும் தத்துவ அறிஞருமான இப்னு சீனாவின் வாழ்க்கையைத் திரைக்கதையாக்க உட்காருபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் நிறுத்துவது என்பதைத்தான். 980இல், இன்றைய உஸ்பெகிஸ்தானிலுள்ள புகாராவுக்குப் பக்கத்தில் அஃப்ஷானா என்ற கிராமத்தில் பிறந்தார். 1037இல், இன்றைய ஈரானிலுள்ள ஹமதானில் இறந்தார். இடைப்பட்ட 57 ஆண்டுகளில் ஆறு ஊர்கள், ஐந்து அரசவைகள், இரண்டு முறை சிறை, இரண்டு முறை தலைமறைவு, ஒரு மாறுவேடத் தப்பித்தல். இவற்றுக்கு நடுவில் மருத்துவத்துக்கு ஐந்து நூல்கள் கொண்ட கானூன், தத்துவத்துக்கு அதைவிடப் பெரிய ஷிஃபா. இரண்டரை மணி நேரத்தில் இது முழுவதும் அடங்காது. எதை விடுகிறோம் என்பதைப் பொறுத்தே படம் தேறும்.

தேர்வுக்கு உதவும் அளவுகோல் ஒன்று உண்டு. அவர் வாழ்க்கை பற்றி நமக்குக் கிடைக்கும் செய்திகள் மூன்று அடுக்குகளாக இருக்கின்றன. முதல் அடுக்கு, அவரே சொல்லச் சொல்ல மாணவர் எழுதிக்கொண்ட தன்வரலாறு. பிறப்பில் தொடங்கி, காஸ்பியன் கடலுக்குத் தென்கிழக்கே உள்ள ஜுர்ஜானுக்கு வந்து சேரும் வரை, அதாவது முப்பது வயது சொச்சம் வரை அது போகிறது. அங்கிருந்து சாவு வரை இரண்டாவது அடுக்கு. அந்த மாணவர் அபூ உபைத் அல்-ஜூஸ்ஜானி, கூடவே இருந்து பார்த்து எழுதியது. மூன்றாவது அடுக்கு கதைகள். அவற்றில் முக்கியமானவை நிஸாமி அரூஸி என்ற பாரசீக எழுத்தாளர் 1156 வாக்கில் எழுதிய ‘சஹார் மகாலா’ நூலில் வருபவை. இப்னு சீனா இறந்து நூற்றிருபது ஆண்டுகள் ஆன பிறகு எழுதப்பட்ட நூல் அது. எந்தப் பகுதியை எடுத்தாலும், அது எந்த அடுக்கின் மேல் நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். திரைக்கதையில் பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இங்கேதான் முளைக்கின்றன.

முழு வாழ்க்கை

தயாரிப்பாளர்கள் இயல்பாகக் கேட்பது இதைத்தான். தொட்டில் முதல் கல்லறை வரை. கணக்குப் போட்டால் இது ஏன் உடைகிறது என்று தெரியும். புகாரா, குர்கஞ்ச், ஜுர்ஜான், ரய், ஹமதான், இஸ்ஃபஹான் என்று ஆறு ஊர்கள். 150 நிமிடப் படத்தில் ஊருக்கு 25 நிமிடம். ஒவ்வோர் ஊருக்கும் புது அமீர் (ஆள்பவர்), புது வஸீர் (அமைச்சர்), புது எதிரி. இவர்களைப் பார்வையாளருக்கு அறிமுகப்படுத்தவே பத்து நிமிடம் போய்விடும். மனிதர்கள் முகம் மனதில் பதிவதற்குள் அடுத்த ஊருக்குக் குதிரை கிளம்பிவிடும். போதாததற்குச் சிறுவன், இளைஞர், நடுவயதுக்காரர் என்று மூன்று நடிகர்கள் வேண்டும்.

எட்டு அல்லது பத்துப் பகுதி வெப் தொடராக இருந்தால் இந்தக் கணக்கு மாறும். ஊருக்கு ஒரு பகுதி, ஹமதானுக்கு மட்டும் மூன்று என்று பிரித்தால் நன்றாகவே உட்காரும். சினிமாவுக்கு இது வேண்டாம்.

புகாராவின் பையன்

அடுத்த வாய்ப்பு, பிறப்பிலிருந்து புகாராவை விட்டு வெளியேறும் வரை. இதற்கு ஆதாரம் அவர் வாய்மொழியே. காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. பத்து வயதில் குர்ஆன் மனப்பாடம். இந்தியக் கணக்கு முறையைக் கற்க அப்பா அவரை அனுப்பியது ஒரு காய்கறிக்காரரிடம். இந்திய எண்களை ஒரு மத்திய ஆசியக் கடைவீதியில், கீரைக்கும் வெங்காயத்துக்கும் நடுவே அந்தப் பையன் படித்தான் என்பது கலை இயக்குநருக்குக் கிடைத்த வரம். பிறகு வீட்டோடு தங்கிப் பாடம் சொன்ன ஆசிரியர் நாத்திலி. யூக்ளிடின் முதல் ஐந்தாறு வடிவங்களை மட்டும் அவரிடம் படித்துவிட்டு, மீதியைத் தானே தீர்த்துக்கொண்டார். தாலமியின் வானியல் நூலுக்கு வந்தபோது ஆசிரியருக்கே மாணவர் விளக்கம் சொல்லும் நிலை. பதினாறு வயதில் மருத்துவர்கள் இவரிடம் வந்து பாடம் கேட்டார்கள்.

இந்தப் பகுதியில் ஒரு காட்சி மற்ற எல்லாவற்றையும்விட உயர்ந்தது. அரிஸ்டாட்டிலின் ‘மெய்ப்பொருளியல்’ நூலை அவர் நாற்பது முறை படிக்கிறார். வரிக்கு வரி மனப்பாடம் ஆகிவிட்டது, ஆனால் நூல் எதைச் சொல்ல வருகிறது என்று மட்டும் பிடிபடவில்லை. இது நமக்கு எட்டாது என்று கைவிட்ட நிலையில், ஒரு பிற்பகல் புத்தகக் கடைத்தெருவில் நிற்கிறார். தரகர் ஒருவர் ஒரு நூலைக் கூவி விற்கிறார். இவர் வேண்டாம் என்று சலிப்போடு தள்ளுகிறார், இந்தத் துறையால் பயனே இல்லை என்ற எண்ணம். தரகர் விடவில்லை: விலை மலிவு, மூன்று திர்ஹம்தான், சொந்தக்காரருக்குப் பணமுடை. வாங்குகிறார். அது முந்தைய தலைமுறைத் தத்துவ அறிஞர் அல்-ஃபாராபி அந்த மெய்ப்பொருளியல் நூலின் நோக்கத்தைப் பற்றி எழுதியது. வீட்டுக்கு ஓடிப் போய்ப் படிக்கிறார், மனப்பாடமாகக் கிடந்த அத்தனை வரிகளும் ஒரே நேரத்தில் திறந்துகொள்கின்றன. மறுநாள் ஏழைகளுக்குத் தானம் கொடுக்கிறார்.

இதைப் படமாக்கும்போது தவறாமல் நடக்கும் பிழை ஒன்றுண்டு: நடிகர் கையில் தோல் அட்டை போட்ட தடித்த புத்தகத்தைத் திணித்துவிடுவார்கள். ஃபாராபியின் அந்த உரை மிகச் சிறியது, சில பக்கங்கள்தான். கேமரா காட்ட வேண்டியது அந்த மெலிவைத்தான். நாற்பது முறை புரண்ட கனத்த நூல் ஒரு பக்கம், மடித்து மார்பில் செருகிக்கொள்ளும் அளவுக்கு நாலு தாள் இன்னொரு பக்கம். வசனமே இல்லாமல் காட்சி பேசிவிடும்.

அப்படியானால் புகாராவையே எடுத்துவிடலாமே? இங்கே இரண்டு தடைகள். இந்தப் பையனுக்கு எதிர்ப்பே இல்லை. தொட்டதெல்லாம் வருகிறது. மருத்துவம் கடினமான துறைகளில் ஒன்றல்ல என்று அவரே சொல்கிறார். புகாராவை ஆண்ட சாமானித் வம்சத்தவரும் 997இல் இறந்தவருமான அமீர் நூஹ் இப்னு மன்சூர் நோயில் கிடந்தபோது, அரண்மனை மருத்துவர்களோடு சேர்ந்து வைத்தியம் பார்க்க இவரைக் கூப்பிட்டார்கள். அப்போது வயது பதினேழுக்கு மேல் இருக்காது. அரண்மனை நூலகத்தைப் பார்க்க அனுமதி கேட்டார், கிடைத்தது. அறை அறையாக, ஒவ்வொரு துறைக்கும் ஓர் அறை, பெட்டிகளில் அடுக்கடுக்காக நூல்கள். கண்ணுக்கு விருந்து. ஆனால் நாயகன் எதையும் இழக்காமல் வென்றுகொண்டே போகும் கதையில் பார்வையாளருக்கு ஒட்டுதல் வராது. இரண்டாவது தடை, படிப்பு மனதுக்குள் நடக்கும் காரியம். விளக்கு, புத்தகம், தூக்கம் வந்தால் ஒரு கோப்பை மது, சிக்கல் தீராவிட்டால் பள்ளிவாசலில் தொழுகை. இவை அத்தனையும் உண்மை, அவர் சொன்னவை. எனினும் இரண்டாவது தடவை காட்டும்போதே சலிக்கும்.

திரைக்கதையாளர்கள் இதற்குக் கண்டுபிடிக்கும் மாற்று, நூலகம் தீப்பிடிக்கும் காட்சியை உச்சமாக வைப்பது. தான் படித்ததை வேறு யாரும் படிக்கக்கூடாது என்று இப்னு சீனாவே கொளுத்தினார் என்ற பேச்சு பிற்கால நூல்களில் உண்டு. அது அவரைப் பிடிக்காதவர்கள் கட்டிய புரளியாகவே தெரிகிறது. அதை உச்சக்காட்சியாக வைத்தால், ஓர் அறிவாளியை நூல் எரித்தவராக்கி முடிக்க வேண்டியிருக்கும். காராகானிகள் என்ற துருக்கிய அரச மரபினர் 999இல் புகாராவைப் பிடித்தது உண்மையான வரலாறு, அப்போது அவருக்கு 19 வயது. ஆனால் அந்த வீழ்ச்சியைப் பற்றித் தன்வரலாற்றில் ஒரு வரிகூட இல்லை. அப்பா இறந்தார், நிர்ப்பந்தம் வந்தது, புகாராவை விட்டுக் கிளம்பினேன் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறார்.

அதனால் புகாரா முழுநீளப் படத்துக்குப் போதாது. முப்பது நாற்பது நிமிடக் குறும்படமாக, மாணவர்களுக்காக எடுப்பதென்றால் இதைவிடச் சிறந்த பகுதி கிடையாது. அப்போது கடைத்தெருவில் முடிக்க வேண்டும், அரண்மனையில் அல்ல.

பாலைவனம்

கதை சொல்லும்போது எல்லோரும் நிமிர்ந்து உட்காருவது இந்தப் பகுதிக்குத்தான். புகாராவை விட்ட இப்னு சீனா அப்போது குர்கஞ்சில், குவாரஸ்ம் அரசரின் அவையில் இருக்கிறார். கஜினி மஹ்மூத் அந்த அரசருக்கு ஓலை அனுப்புகிறார்: உன் அவையிலுள்ள அறிஞர்களை என்னிடம் அனுப்பு. அல்-பிரூனி உட்பட மூவர் இசைகிறார்கள். இப்னு சீனாவும் அபூ சஹ்ல் மஸீஹி என்ற மருத்துவரும் மறுத்துப் பாலைவனம் வழியாக ஓடுகிறார்கள். புழுதிப் புயலில் வழி தப்பி, மஸீஹி தாகத்தால் சாகிறார். மஹ்மூத் இப்னு சீனாவின் உருவப்படத்தை வரைந்து நாற்பது பிரதி எடுத்து ஊர் ஊராக அனுப்புகிறார். இப்னு சீனா ஜுர்ஜானில் பெயர் சொல்லாமல் வைத்தியம் பார்க்கிறார். இன்னதென்று தெரியாத நோயில் கிடக்கும் ஓர் இளைஞனின் நாடியைப் பிடித்தபடி தெருப் பெயர்களையும் வீடுகளின் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்கிறார். ஒரு பெயரில் நாடி துள்ளுகிறது. நோய், காதல்.

வணிகப் படத்துக்கு வேண்டிய துரத்தல், நட்பு, சாவு, காதல் எல்லாம் ஒரே பொட்டலத்தில் இருக்கின்றன. ஆனால் இது முழுக்க மூன்றாவது அடுக்கு. தன்வரலாற்றில் இந்த ஓலையும் இல்லை, ஓவியமும் இல்லை, மஸீஹியோடு ஓட்டமும் இல்லை. நஸா, அபிவர்த், தூஸ், ஜாஜர்ம் என்று தாண்டி வந்த ஊர்களின் பட்டியல்தான் இருக்கிறது. ஆண்டுக் கணக்கும் இடிக்கிறது. மஹ்மூத் குவாரஸ்மைப் பிடித்து பிரூனியைக் கஜினிக்குக் கொண்டு போனது 1017இல். இப்னு சீனா அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1012 வாக்கில், அங்கிருந்து போய்விட்டார்.

இன்னொரு முரண் திரைக்கதையை நேரடியாகவே தொடுகிறது. கதையின்படி ஜுர்ஜானில் அவர் அமீர் காபூஸைச் சந்திக்கிறார், நாடி பார்க்கப்பட்ட இளைஞன் காபூஸின் உறவினன். தன்வரலாற்றின்படி காபூஸைத் தேடித்தான் அவர் அத்தனை தூரம் வந்தார், ஆனால் வந்து சேர்வதற்குள் காபூஸைப் பிடித்து ஒரு கோட்டையில் அடைத்துவிட்டார்கள், அங்கேயே அவர் இறந்தும் போனார். இரண்டையும் ஒரே படத்தில் வைக்க முடியாது.

எங்களைக் கேட்டால் தன்வரலாற்றின் பக்கம் நிற்பதே சினிமாவுக்கும் நல்லது என்போம். காபூஸ் தனக்காக 1006–07இல் கட்டிக்கொண்ட கோபுரக் கல்லறை இன்றும் நிற்கிறது. 53 மீட்டர் உயரம், சுட்ட செங்கல், பத்து முனைகள் கொண்ட நட்சத்திர வடிவத்தில் ஏறும் சுவர், உச்சியில் கூம்பு, அலங்காரமென்று கூஃபி என்ற பழைய அரபு எழுத்தில் இரண்டு வரிக் கல்வெட்டுப் பட்டைகள் மட்டும். இப்னு சீனா ஜுர்ஜானை அடைந்தபோது அந்தக் கோபுரம் எழும்பிச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஆதரிப்பார் என்று நம்பி மாதக்கணக்கில் நடந்து வந்த மனிதருக்கு, தொலைவிலேயே தெரிவது காபூஸின் கல்லறை. இதைவிட வலுவான ஒரு காட்சியை எந்தக் கற்பனையும் தராது. நான் பெரியவன் ஆனபோது எந்த ஊருக்கும் என்னைக் கொள்ள இடமில்லை, என் விலை ஏறியபோது வாங்க ஆளில்லை என்ற பொருளில் அவர் கவிதை பாடியது இந்த நாட்களில்தான்.

நாடிக் காட்சியை விட மனமில்லாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அந்த முறையை இப்னு சீனாவே கானூனில், காதல் நோயைப் பற்றிய பகுதியில் விளக்கியிருக்கிறார். பெயர்களை, தெருக்களை, தொழில்களை மாற்றி மாற்றிச் சொல்லி நாடியின் மாற்றத்தைக் கவனி என்கிறார். அவருக்கு முன்பே கிரேக்க மருத்துவர் கேலன் இதுபோன்ற ஒன்றை எழுதியிருந்தார். எனவே இளவரசன் இல்லாமலே, எந்த ஊரிலும், எந்த நோயாளியிடமும் இந்தக் காட்சியை வைக்கலாம். மணிக்கட்டின் மேல் நான்கு விரல்கள், நோயாளியின் முகத்தைவிட அந்த விரல்களுக்கு அதிக நேரம் கொடுக்க வேண்டும். நம்மூர் யுனானி ஹக்கீம்கள் நாடி பார்ப்பதை நடிகர் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தாலே போதும், கையின் அமைதி வந்துவிடும்.

ஹமதான்

நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான். 1015 வாக்கில் அவர் ஹமதானுக்கு வருவதிலிருந்து 1024 வாக்கில் அங்கிருந்து தப்பிப் போவது வரை, கடைசியில் 1037க்கு ஒரு தாவல். பெரும்பாலும் ஒரே ஊர். முழுக்க இரண்டாவது அடுக்கின் மேல், கூடவே இருந்தவர் எழுதியதன் மேல் நிற்பது.

காரணம் இடவசதி மட்டுமல்ல. இந்த ஒன்பது ஆண்டுகளை ஒரே ஒரு நோய் கோத்துக் கொடுக்கிறது. அரபு மருத்துவத்தில் அதற்குக் ‘குலஞ்ச்’ என்று பெயர், குடலை முறுக்கிப் பிடிக்கும் கொடிய வலி. நம் சொல்லில் சூலை. திருநாவுக்கரசரைத் திருவதிகைக்குக் கொண்டுவந்து சேர்த்த வலிக்கும் அதுதான் பெயர் என்பதால், தமிழில் வசனம் எழுதுபவர்கள் வேறு சொல் தேட வேண்டியதில்லை.

வரிசையைப் பாருங்கள். ஹமதானை ஆண்ட புவைஹித் வம்ச அமீர் ஷம்ஸுத் தவ்லாவுக்குச் சூலை. இப்னு சீனாவை அழைக்கிறார்கள். நாற்பது நாள் இரவும் பகலும் அரண்மனையிலேயே தங்கிக் குணமாக்குகிறார். அமீர் அவரைத் தோழராக்கி, பிறகு வஸீராக்குகிறார். படைவீரர்கள் கலகம் செய்கிறார்கள், அவர் வீட்டைச் சூழ்ந்து, உடைமைகளைக் கொள்ளையடித்து, அவரைச் சிறைபிடித்து, கொன்றுவிடும்படி அமீரைக் கேட்கிறார்கள். அமீர் கொல்ல மறுக்கிறார், அவர்களைச் சமாதானப்படுத்தப் பதவியைப் பறிக்கிறார். இப்னு சீனா அபூ சஅத் என்ற நண்பர் வீட்டில் நாற்பது நாள் ஒளிந்திருக்கிறார். அமீருக்கு மறுபடி சூலை. ஆளனுப்பித் தேடி, மன்னிப்புக் கேட்டு, திரும்பவும் வஸீராக்குகிறார். 1021இல் தாரும் என்ற பகுதி மீதான படையெடுப்பின் போது மூன்றாவது முறையாக அமீரைச் சூலை தாக்குகிறது. மருத்துவர் சொன்ன பத்தியத்தைக் கேட்கவில்லை. வழியிலேயே சாகிறார். அமீரின் மகன் காலத்தில் இப்னு சீனாவை ஃபர்தஜான் கோட்டையில் நான்கு மாதம் அடைக்கிறார்கள். அங்கே அவர் எழுதியவற்றில் ஒன்று, சூலை நோயைப் பற்றிய நூல். கடைசியில் அவரைக் கொன்றதும் அதே சூலை, அதுவும் ஹமதானிலேயே.

ஏற்றம், வீழ்ச்சி, மீட்சி, சிறை, சாவு என்று ஐந்து திருப்பங்களையும் ஒரே நோய் கோத்துவிடுகிறது. திரைக்கதையாளர் எதையும் கட்ட வேண்டியதில்லை. இப்படித் தானே அமைந்து கிடக்கும் வாழ்க்கைப் பகுதி வரலாற்று மனிதர்களில் சிலருக்கே உண்டு.

இரண்டு இடங்களில் நாற்பது நாள் வருவதைக் கவனித்திருப்பீர்கள். முதல் நாற்பது அரண்மனையில், நோயாளியின் கட்டிலருகே. இரண்டாவது நாற்பது நண்பர் வீட்டின் மறைவறையில். இரண்டையும் ஒரே அளவில், ஒரே கேமரா உயரத்தில் எடுத்தால் படத்தின் முதல் பாதி தன் வடிவத்தைத் தானே பெற்றுவிடும். இடைவேளையை அமீர் மன்னிப்புக் கேட்கும் இடத்தில் வைக்கலாம்.

செட்டுகள் ஐந்து போதும்: அமீரின் நோயறை, இப்னு சீனாவின் வீடு, நண்பரின் வீடு, மருந்துக்கடைக்காரர் அபூ காலிபின் வீடு, கோட்டை. பாத்திரங்களில் இப்னு சீனா, ஜூஸ்ஜானி, அமீர், எதிரியாக அமீரின் மகனுடைய வஸீர் தாஜுல் முல்க், இப்னு சீனாவின் தம்பி, மருந்துக்கடைக்காரர். ஆறு பேருக்கும் சரியான நேரம் கொடுக்க முடியும்.

இங்கே தவறவிடக் கூடாத காட்சி, இரவு வகுப்பு. பகல் முழுக்க அரசு வேலை, அதனால் பாடம் இரவில். மாணவர்கள் கூடுவார்கள். ஜூஸ்ஜானி ஷிஃபாவிலிருந்து ஒரு பகுதியைப் படிப்பார், இன்னொருவர் கானூனிலிருந்து. பாடம் முடிந்ததும் பாடகர்கள் வருவார்கள், மதுக் கோப்பைகள் வரும். இதை அவருடைய மாணவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மதுவைக் காட்டினால் எதிர்ப்பு வருமோ என்று இந்த இரவுகளையே வெட்டிவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. வெட்டினால் அவர் எப்போது எழுதினார், எப்போது கற்பித்தார் என்ற கேள்விக்குப் படத்தில் விடையே இராது. கோப்பை வரும் இடத்தில் காட்சியை முடித்துக்கொள்ளலாம், வகுப்பு இருக்க வேண்டும்.

அடுத்தது மருந்துக்கடைக்காரர் வீடு. அமீர் இறந்த பிறகு, மகனிடம் வஸீராக இருக்க மறுத்து இப்னு சீனா அங்கே ஒளிந்திருக்கிறார். ஷிஃபாவை முடித்துத் தாருங்கள் என்று ஜூஸ்ஜானி கேட்கிறார். தாளும் மையும் வரவழைக்கிறார்கள். கையில் ஒரு நூலும் இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்து, பேச வேண்டிய பொருள்களின் தலைப்புகளை மட்டும் ஏறத்தாழ இருபது கட்டுத் தாள்களில் எழுதுகிறார். பிறகு அவற்றை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விரித்து எழுதுகிறார், நாளொன்றுக்கு ஐம்பது தாள். விலங்கு, தாவரம் பற்றிய பகுதிகள் தவிர இயற்கையியலும் மெய்ப்பொருளியலும் அந்த வீட்டிலேயே முடிந்துவிட்டன. மருந்து மூட்டைகளின் வாசம், பக்கத்து அறையில் உரல் இடிக்கும் ஓசை, வெளியே தேடிக்கொண்டிருக்கும் ஆட்கள். எழுதுவதைப் படமாக்கச் சிரமப்படும் எல்லோருக்கும் இந்தக் காட்சி தீர்வு தருகிறது: தலைப்புத் தாள்களின் அடுக்கு ஒரு பக்கம் குறைய, எழுதிய தாள்களின் அடுக்கு மறுபக்கம் ஏறுவதைக் காட்டினால் போதும்.

பறக்கும் மனிதன் என்ற அவருடைய புகழ்பெற்ற சிந்தனைச் சோதனையை வைப்பதற்கும் சரியான இடம் இதுதான். ஒருவன் முழு வளர்ச்சியோடு, கண் மூடியபடி, எதன் மேலும் படாமல் வெற்றுவெளியில் மிதக்கும்படி படைக்கப்பட்டால், தன் கை கால் இருப்பதுகூடத் தெரியாத நிலையிலும் தான் இருப்பதை அவன் அறிவான் என்பது அது. இதை அவர் சிறையில் எழுதியதாகப் பலரும் சொல்கிறார்கள். ஃபர்தஜான் கோட்டையில் எழுதியவை என்று ஜூஸ்ஜானி சொல்லும் பட்டியலில் இருப்பவை ‘ஹிதாயா’, ‘ஹய் இப்னு யக்ஸான்’ என்ற உருவகக் கதை, சூலை நூல். பறக்கும் மனிதன் வருவது ஷிஃபாவின் ஆன்மா பற்றிய பகுதியில். அது இயற்கையியலின் ஒரு பாகம். ஆகவே மறைவறையில் மிதக்கட்டும், சிறையில் வேண்டாம்.

சிறைக்கே உரிய காட்சி வேறொன்று இருக்கிறது. உள்ளே நுழையும்போது அவர் பாடிய வரிகளின் பொருள் இது: நான் உள்ளே போவது நீ பார்ப்பது போல் உறுதி, சந்தேகமெல்லாம் வெளியே வருவதில்தான். நான்கு மாதம் கழித்து இஸ்ஃபஹானை ஆண்ட அலாவுத் தவ்லா ஹமதானைப் பிடிக்கிறார். தோற்றுப்போன தாஜுல் முல்க் அடைக்கலம் தேடி ஓடி வருவது எங்கே என்றால், இப்னு சீனாவைத் தான் அடைத்து வைத்த அதே கோட்டைக்கு. சிறைவைத்தவரும் சிறைப்பட்டவரும் ஒரே மதிலுக்குள். படை திரும்பியதும் இருவரும் சேர்ந்தே ஹமதான் வருகிறார்கள். அந்த நாட்களில் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. நல்ல வசனகர்த்தாவுக்கு முழு உரிமை உள்ள இடம் இது.

நாயகனைப் பழி படாத நல்லவராக்கும் ஆசையை மட்டும் அடக்க வேண்டும். தாஜுல் முல்க் சுமத்திய குற்றச்சாட்டு, இவர் அலாவுத் தவ்லாவோடு ரகசியமாகக் கடிதம் நடத்துகிறார் என்பது. கடிதம் போனது உண்மை என்று அவருடைய மாணவரே எழுதுகிறார். ஓர் அரசில் ஒளிந்துகொண்டு எதிரி அரசோடு பேசியவர் என்பதைக் காட்டினால்தான் சிறை, சிறையாக இருக்கும்.

இஸ்ஃபஹான்

சூஃபி வேடத்தில் தம்பி, ஜூஸ்ஜானி, இரண்டு அடிமைகளோடு தப்பி வந்த பிறகு இங்கே வெள்ளிக்கிழமை இரவுக் கூட்டங்கள், பாரசீக மொழியில் எழுதிய தத்துவ நூல், வானாய்வு வேலை என்று மதிப்போடு வாழ்ந்தார். 1030இல் கஜினிப் படை வந்தபோது அவர் பொருள்களும் நூல்களும் கொள்ளை போயின. நிம்மதியான ஆண்டுகள் நாடகத்துக்குக் குறைவாகவே தரும். தனிப் படமாக இதை எடுக்கச் சொல்ல மாட்டோம்.

எந்தப் பகுதியை எடுத்தாலும் வரும் பிழைகள்

நீலக் குவிமாடம். பாரசீகம் என்றதும் கலை இயக்குநர்கள் வைப்பது அதைத்தான். இஸ்ஃபஹானின் புகழ்பெற்ற நீல ஓட்டு மசூதிகள் 17ஆம் நூற்றாண்டு, சமர்கந்தின் ரெஜிஸ்தான் 15ஆம் நூற்றாண்டில் தொடங்கியது, புகாராவின் கல்யான் மினார் 1127. அவர் கண்ணில் பட்டது மண் நிறச் செங்கல் உலகம். புகாராவிலுள்ள சாமானித் வம்ச அரசர்களின் சிறு கல்லறைக் கட்டடம் அவர் காலத்துக்கு முந்தியது, ஒரு ஓடுகூட இல்லாமல் செங்கல் அடுக்கிலேயே அத்தனை அழகும். அதை மாதிரியாக வைத்துக்கொண்டால் தப்பில்லை.

எழுத்தும் அப்படியே. நடிகர் எழுதும் தாளில் நஸ்தாலிக் என்ற சாய்வான பாரசீக எழுத்து வந்தால், முந்நூறு ஆண்டுகள் கழித்து வந்த எழுத்தைக் காட்டிவிட்டீர்கள். மூக்குக் கண்ணாடி, ஹூக்கா, காபி எதுவும் கிடையாது. படத்துக்குள் யாரும் அவரை அவிசென்னா என்று கூப்பிடக் கூடாது, அது லத்தீன்காரர்கள் வைத்துக்கொண்ட பெயர். ஜூஸ்ஜானி அவரை ஷெய்க் என்கிறார். பிணத்தை அறுத்துப் பார்க்கும் காட்சிக்கு ஆதாரமே இல்லை. மனைவி, காதலி பற்றியும் எந்த அடுக்கிலும் செய்தி இல்லை. பெண் பாத்திரம் வேண்டுமென்றால் ரய் நகரை மகனுக்காக ஆண்ட சையிதாவை எடுக்கலாம். ஹமதானுக்கு முன் இப்னு சீனா அந்த அரசியிடம் இருந்தார், கறுப்புப் பித்த நோய் கண்ட மகனுக்கு வைத்தியமும் பார்த்தார். ஹமதான் படத்தின் முதல் பத்து நிமிடத்துக்கு இது சரியான நுழைவாயில்.

முடிவுக் காட்சி

1037க்குத் தாவும்போது படுக்கையைச் சுற்றி அழும் கூட்டத்தை வைக்கத் தோன்றும். ஜூஸ்ஜானி எழுதியிருப்பது அதைவிடத் துல்லியமான காட்சி. போர் வழியில் இப்னு சீனாவுக்குச் சூலை வருகிறது. தோல்வி நேர்ந்தால் நோயோடு ஓட முடியாதே என்ற பயத்தில், ஒரே நாளில் எட்டு முறை எனிமா எடுத்துக்கொள்கிறார். குடல் புண்ணாகிறது. வாயுவைக் கலைக்க, எனிமா மருந்தில் இரண்டு தானக் எடை செலரி விதை சேர்க்கச் சொல்கிறார். யுனானி மருந்துக் கடைகளில் கரஃப்ஸ் என்று கேட்டால் கொடுக்கும் அதே விதை. கூட இருந்த மருத்துவர் போட்டது ஐந்து திர்ஹம் எடை. ஒரு திர்ஹமுக்கு ஆறு தானக். இரண்டு கேட்ட இடத்தில் முப்பது, பதினைந்து மடங்கு. ஏறக்குறைய ஒரு கிராமுக்குப் பதில் பதினைந்து கிராம். புண் இன்னும் மோசமாகிறது. சூலையோடு வந்த வலிப்புக்கு எடுத்த மருந்தில், அவர் பணத்தைத் திருடியிருந்த வேலையாள் நிறைய அபினைக் கலக்கிறான். பல்லக்கில் இஸ்ஃபஹான் கொண்டுபோய்த் தேற்றுகிறார்கள், நடமாடுகிறார், மறுபடி விழுகிறார். ஹமதான் வந்து சேரும்போது, என் உடலை ஆண்ட ஆளுநனுக்கு இனி ஆள முடியாது, வைத்தியம் பயன் தராது என்று சொல்லி மருந்தை நிறுத்திவிடுகிறார்.

அந்த மருத்துவர் வேண்டுமென்றே போட்டாரா, தவறிப் போட்டாரா, எனக்குத் தெரியாது, நான் அப்போது அவருடன் இல்லை என்கிறார் ஜூஸ்ஜானி. கால் நூற்றாண்டு நிழல் போல் இருந்தவர் அந்த ஒரு நாள் இல்லை. தராசுத் தட்டில் விதை கொட்டும் கையை மட்டும் காட்டுங்கள், முகத்தைக் காட்டாதீர்கள். அதன் மேல் ஜூஸ்ஜானியின் குரலில் அந்த வரி. அங்கே வெட்டிவிடலாம்.